மாஸ்டரைக் கேளுங்கள்

"இவர் நல்லாத் தூங்குறாராம்மா?" என்று பெரிய டாக்டர் கேட்டார். கேட்டது மாஸ்டரின் மனைவி ஆபீஸக்காவிடம். தூங்குகிற மனிதர் இரண்டடி தள்ளி, அதே மேஜைக்கு முன்னால், இஸ்திரி போட்ட சட்டையும் மழித்த முகமுமாக டாக்டரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சுவர்க் காலண்டருக்குக் கிடைத்த மரியாதைகூட அவருக்குக் கிடைக்கவில்லை. அடுத்த தேதி சொல்வதற்காகக் காலண்டரையாவது டாக்டர் ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார்.

"தூங்குறார் டாக்டர்" என்றாள் ஆபீஸக்கா.

சாப்பிடுகிறாரா, கோபப்படுகிறாரா, தானே குளிக்கிறாரா என்று வரிசையாக அவளிடமே கேட்டு எழுதிக்கொண்டு, கடைசியில் டாக்டர் விஷயத்துக்கு வந்தார். மூளையில் பேச்சுக்கான இடம் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து வருகிறது. நினைவும் அறிவும் நன்றாகத்தான் இருக்கின்றன. ஆனால் சொற்கள் போய்க்கொண்டே இருக்கும், போனது திரும்பாது, இதற்கு மருந்து கிடையாது. அறிவு நன்றாக இருக்கிறது என்று தெரிந்தவர் அந்த அறிவுள்ள மனிதரிடம் ஏன் ஒரு கேள்வி கேட்கவில்லை என்பது பஸ்ஸில் பாதி வழி வந்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. "படிச்சவராம், பெரிய படிப்பு" என்று ஜன்னல் கம்பியிடம் சொன்னாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாஸ்டர் அவள் முழங்கையைத் தட்டிக்கொடுத்தார்.

அந்த ஊரில் கார் ஓட்டுகிறவர்களில் பாதிப் பேர் மாஸ்டரிடம் திட்டு வாங்கியவர்கள். முப்பத்தொரு வருடமாக டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறார். தெருவைப் பார்த்த முன்னறைதான் ஸ்கூல், பின்னால் இரண்டு அறையும் ஒரு சமையலறையும் வீடு. முன்னறையில் ஒரு மேஜை, ஒரு பெஞ்சு, யார் எந்த வண்டியில் எத்தனை மணிக்கு என்று எழுதும் கரும்பலகை, சுவரின் பாதியை அடைத்துக்கொண்டு சாலைக் குறியீடுகளின் பெரிய அட்டை. விண்ணப்பம் நிரப்புவது, லைசென்ஸ் அலுவலகத்துக்கு ஆட்களைக் கூட்டிப்போவது, அந்த அட்டையை வைத்துப் பாடம் நடத்துவது மூன்றும் மாஸ்டரின் மனைவி பொறுப்பு. அதனால் படிக்க வந்தவர்கள் எல்லோருக்கும் அவள் ஆபீஸக்கா. வண்டிகள் இரண்டு. முதல் வண்டி மாஸ்டருக்கு. இரண்டாவது வண்டியில் சொல்லிக்கொடுக்கும் பெண் பத்து வருடத்துக்கு முன் கற்றுக்கொள்ள வந்து, அப்படியே வேலைக்கு நின்றுவிட்டவள். அவளை எல்லோரும் ரெண்டாம் நம்பர் என்றே கூப்பிடுவார்கள், அவளும் அதற்கே திரும்பிப் பார்ப்பாள்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு காலையில் மாஸ்டர் கிளட்ச் என்று சொல்ல வாயெடுத்து, "அந்த... இடது கால்" என்றார். அடுத்த மாதம் கண்ணாடி என்பது "பின்னாடி பாக்குறது" ஆயிற்று, ஸ்டியரிங் "வட்டம்" ஆயிற்று. மாஸ்டர் வேடிக்கை காட்டுகிறார் என்று படிக்க வந்தவர்கள் சிரித்தார்கள். பிறகு வட்டமும் போயிற்று. ஒரு வாக்கியத்தை எடுத்தால் பாதியில் நின்றுவிடும். மேட்டில் நின்ற வண்டியைக் கிளப்பத் தெரியாத புதுப் பையன் மாதிரி அதே இடத்தில் உறுமிக்கொண்டிருப்பார். கடைசியில் மிஞ்சியவை "ஆமா", "இல்ல", "அது" என்கிற மூன்றும், ஒரு நல்ல கெட்ட வார்த்தையும். அந்தக் கெட்ட வார்த்தை மட்டும் கேட்ட நேரத்தில் தெளிவாக வரும். ஆமாவும் இல்லவும் அப்படியில்லை. இல்லை என்று நினைத்துக்கொண்டு ஆமா என்பார். சொன்ன மறுநொடி தன் வாயைத் தானே அடிக்க வருவது போலக் கையை ஓங்குவார்.

வண்டிக்குள் அவர் சமாளித்தார். முன்பலகையில் ஒரு தட்டு என்றால் வேகத்தைக் குறை, இரண்டு தட்டு என்றால் கியர் மாற்று, உள்ளங்கையை எந்தப் பக்கம் சாய்க்கிறாரோ அந்தப் பக்கம் திரும்பு. மீறினால் அவர் காலடியில் இன்னொரு பிரேக் இருந்தது. வழியும் மறக்கவில்லை, ஆளும் மறக்கவில்லை. பன்னிரண்டு வருடத்துக்கு முன் ரிவர்ஸில் மூன்று முறை தோற்ற பேக்கரிக்காரரைத் தெருவில் பார்த்தால் இன்னும் பின்பக்கமாக நடந்து காட்டிச் சிரிப்பார்.

ஆனால் தெரு அவரை அதற்குள் கழித்துக்கட்டிவிட்டது. எதிர்வீட்டுக்காரர் காது கேட்காதவரிடம் பேசுவது போல ஊர் அதிரக் கத்திப் பேசினார். மருந்துக் கடைக்காரர், மாஸ்டர் எதிரிலேயே, காலையிலேயே ஆரம்பிச்சுடுறாரோ என்று கட்டை விரலை வாய்க்குக் காட்டி அவளிடம் கேட்டார். "வாயில வார்த்தை இல்லைன்னா மண்டையில ஒண்ணும் இல்லைன்னு யார் சொன்னாங்க? உங்க வாயில நிறைய இருக்கே, அதுக்கு என்ன அர்த்தம்?" என்று அவள் கேட்ட கேள்வியில் கடைக்காரர் மாத்திரையை எண்ணுவதில் மும்முரமானார். அதன் பிறகு தெருவுக்கே அவள் சண்டைக்காரி ஆனாள். சண்டைக்காரின்னா சண்டைக்காரிதான் என்று முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

மகன் வேறு ஊரில், எட்டு மணி நேரப் பயணத் தூரத்தில், பதினான்காவது மாடியில் இருக்கிறான். ஒரே பிள்ளை. அப்பாவின் மேல் உயிரை வைத்திருக்கிறவன்தான், அதில் குறை சொல்ல முடியாது. டாக்டர் சொன்னதைக் கேட்டதும் லீவு போட்டு ஓடிவந்தான், கையில் ஒரு டேப்லெட்டோடு. திரையில் முப்பத்தாறு கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு படம். தொட்டால் செய்தி வாசிக்கிற பெண்ணின் குரலில் அது பேசும்.

"அப்பா, இங்க பாருங்க. தண்ணி வேணும்னா இது" என்று அவர் விரலைப் பிடித்து வைத்தான்.

"எனக்குத் தண்ணீர் வேண்டும்" என்றாள் செய்தி வாசிப்பவள்.

மாஸ்டர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முப்பத்தாறு கட்டங்களையும் ஒன்றுவிடாமல் பார்த்தார். சாப்பாடு, கழிவறை, வலி, தூக்கம், குளிர், விசிறி, சந்தோஷம், வருத்தம். நீ சொல்வது தப்பு என்று ஒரு கட்டம் இல்லை. உன்னை யார் கேட்டது என்று ஒன்று இல்லை. வேண்டாம் என்றுகூட இல்லை. அறுபது வயது மனிதனுக்குக் கொடுத்த மொழியில் கேட்பதற்குத்தான் இடம் இருந்தது, மறுப்பதற்கு ஒரு மூலைகூட ஒதுக்கவில்லை. தேடித் தேடிப் பார்த்துவிட்டு அவர் மகனை நிமிர்ந்து பார்த்தார். மகன் அதற்குள் அம்மாவிடம் திரும்பி, போகப் போக அப்பாவுக்கு டயப்பர் தேவைப்படும், எந்தக் கம்பெனி நல்லது என்று விசாரித்து வைத்திருப்பதைச் சொல்லிக்கொண்டிருந்தான்.

மாஸ்டர் எழுந்து முன்னறைக்குப் போனார். பளார் என்று ஒரு சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால் சாலைக் குறியீட்டு அட்டையின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நிற்கிறார். கைக்குக் கீழே சிவப்பு வட்டம், அதற்குள் ஊதுகுழல், அதன் குறுக்கே ஒரு கோடு. ஹார்ன் அடிக்கத் தடை.

ஆபீஸக்கா சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எத்தனையோ மாதம் கழித்து வந்த சிரிப்பு. "உன்னை வாயை மூடச் சொல்றாருடா" என்றாள். மகனுக்குச் சிரிப்பு வரவில்லை. அப்பா குழம்பிப்போயிருக்கிறார், சுவரை எல்லாம் அடிக்கிறார் என்று கவலையோடு ஊருக்குப் போனான்.

ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண்ணிடம் அவள் இதைச் சொன்னபோது அந்தப் பெண் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டாள். வயதில் சின்னவள், ஆனால் உள்ளே நுழைந்ததும் முதல் வணக்கத்தை மாஸ்டருக்குச் சொன்னவள் அந்தக் கட்டடத்திலேயே அவள் ஒருத்திதான். டேப்லெட் மேல் தப்பில்லை, அதை நிரப்பியவர்கள் அவரைக் கேட்காமல் நிரப்பியதுதான் தப்பு என்றாள். வார்த்தை முழுக்கப் போவதற்குள் மாற்று வழியைப் பழகிவிட வேண்டும், அதுவும் அவர் கைக்கும் கண்ணுக்கும் முன்பே பழகிய வழியாக இருந்தால் நல்லது. அட்டையில் இருப்பதைச் சின்னச் சின்னச் சீட்டாக வெட்டி ஒரு வளையத்தில் கோக்கச் சொன்னாள். அதோடு ஆட்களின் படம், வீட்டின் படம், வண்டிகளின் படம்.

"ஒரு தடவைக்கு ஒரே கேள்வி கேளுங்கக்கா. கேட்டுட்டுக் காத்திருங்க. அவர் காட்டினதைத் திருப்பிக் காட்டி, இதுதானான்னு உறுதி பண்ணிக்கோங்க. முக்கியமா, உங்க பதிலை அவர் கையில வச்சுடாதீங்க."

அந்த வளையம் மாஸ்டரின் இடுப்புப் பட்டையில் சாவிக்கொத்துப் பக்கத்தில் ஏறியது. நாற்பத்து மூன்று சீட்டு. நுழையத் தடை என்றால் வேண்டாம். நேராகச் செல் என்றால் சரி, நடக்கட்டும். குண்டும் குழியுமான சாலை என்றால் வயிறு சரியில்லை. சாலைப் பணி நடக்கிறது என்றால் கழிவறையில் இருக்கிறேன், கதவைத் தட்டாதே. எதிர்வீட்டுக்காரர் வந்து கத்தத் தொடங்கினால் மாடு படம் போட்ட சீட்டைக் காட்டுவார்; கால்நடைகள் கவனம். யாரும் சொல்லிக்கொடுக்காமலே ரெண்டாம் நம்பர் எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் கற்றுக்கொண்டாள். ஒருநாள் சூப்பில் உப்பு போடாமல் கொடுத்த ஆபீஸக்காவுக்கு வழுக்கும் சாலையும் மருத்துவமனையும் சேர்ந்து வந்தன: வழவழ ஆஸ்பத்திரிக் கஞ்சி. அவள் போலிக் கோபத்தோடு உப்புச் சீசாவை ஓங்கி வைத்தாள்.

பேச்சுப் பயிற்சிப் பெண் சொன்ன விதிகளை அவள் தெருவுக்கெல்லாம் சொன்னாள். பால்காரருக்கு, மருந்துக் கடைக்காரருக்கு, போனில் மகனுக்கு. மாஸ்டரைக் கேளுங்கள், மாஸ்டரைக் கேளுங்கள் என்று சொல்லிச் சொல்லி அவள் தொண்டை கட்டியது. சொல்கிற அவசரத்தில் சில நேரம் மாஸ்டர் வளையத்தைப் புரட்டி முடிப்பதற்குள் பதிலையும் அவளே சொல்லிவிடுவாள். முப்பத்திரண்டு வருடம் குடும்பம் நடத்தியவளுக்குத் தெரியாதா அவர் மனசு.

அந்தச் சம்பவம் மழைக்காலத் தொடக்கத்தில் நடந்தது. பயிற்சி மைதானம் சேறாகிவிட்டதால் புதிதாகச் சேர்ந்த ஒரு பையனை மாஸ்டர் தெருவுக்குக் கூட்டிப்போயிருந்தார். திருப்பத்தில் உள்ளங்கையை இடப்பக்கம் சாய்த்தார். மழை வழியும் முன்கண்ணாடியை முறைத்துக்கொண்டிருந்த பையன் கையைப் பார்க்கவில்லை. வாயால் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், இடது என்று மூன்றெழுத்து. மாஸ்டர் வாயிலிருந்து வந்தது அந்தக் கெட்ட வார்த்தை. பையன் பயந்து வலப்பக்கம் ஒடித்தான். மாஸ்டரின் கால் பிரேக்கை மிதித்ததால் வண்டி நின்றது, ஆனால் எதிரே வந்த ஸ்கூட்டர்க்காரி சறுக்கி விழுந்தாள். முழங்கால் சிராய்ப்பும் உடைந்த விளக்கும்தான். மாஸ்டர் இறங்கி அவளைத் தூக்கினார். மன்னிச்சுக்கோம்மா என்று சொல்ல அவரிடம் சொல்லும் இல்லை, சீட்டும் இல்லை. மழையில் கையைக் கூப்பிக்கொண்டு நின்றாராம், ரெண்டாம் நம்பர் போய்க் கூட்டிவரும்வரை.

தெரு பேசத் தொடங்கியது. வாய் வராத ஆளை வண்டியில் உட்கார வைக்கலாமா என்றார்கள். ஆபீஸக்காவுக்கு ரத்தம் கொதித்தது. வாய் உள்ளவர்கள் தினம் தினம் மோதிக்கொள்வதை யார் கேட்டார்கள்? அவர் பிரேக் போட்டதால்தானே அந்தப் பெண் பிழைத்தாள்? மறுநாள் காலை கரும்பலகையில் முதல் வண்டி, ஆறரை மணி, மாஸ்டர் என்று வழக்கத்தைவிடப் பெரிய எழுத்தில் எழுதினாள். மாஸ்டர் அதைப் பார்த்தார். சாவியை எடுத்துக்கொண்டு போய் வண்டியில் உட்கார்ந்தவர், கால் மணி நேரம் கிளப்பாமலே உட்கார்ந்திருந்தார். அவள் போய்க் கண்ணாடியைத் தட்டி, "போங்க, நான் இருக்கேன். எவன் என்ன சொல்றான்னு பாத்துடலாம்" என்றாள். அவர் போனார். அதற்கடுத்த நாற்பது காலையும் அப்படியே நடந்தது.

செய்தி பதினான்காவது மாடிவரை போயிற்று. மகன் இந்த முறை டேப்லெட் கொண்டு வரவில்லை, ஒரு மனு கொடுத்திருந்தான். அப்பாவால் தனக்காக முடிவெடுக்க முடியவில்லை, ஆகவே அவருக்குச் சட்டப்படி தன்னைக் காப்பாளராக நியமிக்க வேண்டும். நியமித்தால் அப்பா, அம்மா இருவரையும் தன்னோடு கூட்டிப்போய்விடலாம், ஸ்கூலை மூடிவிடலாம், வண்டிகளைக் கொடுத்துவிடலாம். அதிகாரி ஒருவர் வீட்டுக்கு வந்து மாஸ்டரை நேரில் விசாரிப்பார் என்று கடிதம் வந்தது.

"என்னையாவது ஒரு வார்த்தை கேட்டியாடா?" என்று போனில் கேட்டாள்.

"உன்னைக் கேட்டா நீ சண்டை போடுவம்மா."

"சரி, என்னை விடு. அப்பாவைக் கேட்டியா?"

"அப்பாவை எப்படிம்மா கேக்கறது?" என்றான் மகன். கேலியில்லை, அவன் நிஜமாகவே கேட்டான். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

விசாரணை நாள் வெயில் கொளுத்தியது. மழை விட்ட பிறகு வருகிற புழுக்கம். அதிகாரி நடுத்தர வயதுக்காரர், தோல் பை, கைக்குட்டை, பன்னிரண்டு கேள்விகள் அச்சடித்த படிவம். முன்னறை மேஜையின் ஒரு பக்கம் அவர், எதிரே மாஸ்டர், பெஞ்சில் மகன். ரெண்டாம் நம்பர் டீ கொண்டுவந்து வைத்துவிட்டு வாசற்படியிலேயே நின்றுகொண்டாள். ஆபீஸக்கா கணவரின் நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

பெயர் என்ன என்று அதிகாரி கேட்டார். மாஸ்டர் உதட்டைக் குவித்தார், கழுத்து நரம்பு புடைத்தது, பெயர் வரவில்லை. இன்று என்ன கிழமை என்றார். மாஸ்டர் விரல்விட்டு எண்ணி நாலாவது விரலைக் காட்டினார். வாரத்தின் நாலாம் நாள், சரியான பதில். பதில் இல்லை என்று அதிகாரி எழுதிக்கொண்டார்.

"உங்க மகனோட போய் அங்கயே இருக்க உங்களுக்குச் சம்மதமா?"

"ஆமா" என்றார் மாஸ்டர். உடனே முகம் கறுத்தது. தலையை ஆட்டினார், கையை ஓங்கினார், இடுப்பில் வளையத்தைத் தேடினார். பேனா அதற்குள் படிவத்தில் இறங்கிவிட்டது.

"எழுதாதீங்க" என்றாள் ஆபீஸக்கா. குரல் அவளே எதிர்பாராத அளவுக்கு இறங்கியிருந்தது. "அவர் வாய் ஒண்ணு சொல்லும், அவர் ஒண்ணு சொல்வார். வாயை எழுதாதீங்க, அவரை எழுதுங்க."

"அம்மா, வாய்மொழிப் பதில்னுதான் படிவத்துல இருக்கு. நான் என் இஷ்டத்துக்குப் பண்ண முடியாது."

"நீங்க வண்டியிலதானே சார் வந்தீங்க? வழியில எத்தனை இடத்துல நின்னீங்க?"

அதிகாரி புரியாமல் பார்த்தார். நாலைந்து இடம் என்றார்.

"அங்கல்லாம் யாராவது வந்து உங்க காதுல நில்லுன்னு சொன்னாங்களா? பலகையைப் பாத்துத்தானே நின்னீங்க? நிக்காமப் போனா அபராதம் போடுறீங்க. பலகை பேசலை, அதனால எனக்குப் புரியலைன்னு சொன்னா விடுவீங்களா? அதே பலகையை இவர் காட்டினா மட்டும் செல்லாதா? எழுதப் படிக்கத் தெரியாதவங்களுக்கும் இந்த அட்டையை வச்சுத்தான் நான் பாடம் நடத்துறேன். அவங்க பரீட்சையில தேறி, நீங்க லைசென்ஸ் கொடுத்து, லாரி ஓட்டுறாங்க. அத்தனை பேர் உயிரை இந்தப் படத்தை நம்பி விட்டிருக்கீங்க. ஒரு மனுஷன் எங்க இருக்கணும்ங்கற கேள்விக்கு மட்டும் இது போதாதா?"

ரெண்டாம் நம்பர் பேச்சுப் பயிற்சிப் பெண் கொடுத்திருந்த கடிதத்தை மேஜையில் கொண்டுவந்து வைத்தாள். அதிகாரி அதை இரண்டு முறை படித்தார். கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். படிவத்தில் குறிப்பு என்று ஒரு பகுதி இருப்பதாகவும், பதிலை எப்படிப் பெற்றேன் என்று அதில் எழுதலாம் என்றும் சொன்னார். "ஆனா நீங்க யாரும் குறுக்க பேசக் கூடாது. நான் கேப்பேன், அவர் காட்டுவார்."

"அதைத்தான் சார் நான் ரெண்டு வருஷமாச் சொல்றேன்" என்றாள் அவள்.

அதிகாரி முழு மனிதராக மாறியது அதன் பிறகுதான். நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு மாஸ்டரின் கண்ணைப் பார்த்துக் கேட்டார். வளையத்திலிருந்து மகனுடைய வீட்டின் படத்தை எடுத்து வைத்து, இங்கே போக விருப்பமா என்றார். மாஸ்டர் வளையத்தைப் புரட்டினார். நேரம் எடுத்தது. சிவப்பு வட்டத்தை எடுத்து அந்தப் பதினான்கு மாடியின் மேல் வைத்தார். நுழையத் தடை. கேள்வியை மாற்றி, இந்த வீட்டிலேயே இருக்க விருப்பமா என்றார். நேராகச் செல். மூன்றாம் முறை இரண்டு படத்தையும் இடம் மாற்றி வைத்துக் கேட்டார். சிவப்பு வட்டம் படத்தைத் தேடிக்கொண்டு போய் அதே மாடியின் மேல் உட்கார்ந்தது.

மகன் தலையைக் குனிந்துகொண்டான். "நான் நல்லதுக்குத்தான்ப்பா..." என்று தொடங்கினான். மாஸ்டர் எட்டி அவன் முழங்காலைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்தினார். கோபம் இல்லை, முடிவு மட்டும்தான். ஆபீஸக்கா மகனை ஒரு பார்வை பார்த்தாள். ஜெயித்த பார்வைதான், மறைக்கவில்லை.

"டிரைவிங் ஸ்கூல் நடக்கணும்னு விரும்புறீங்களா?" என்று அதிகாரி கேட்டார்.

மாஸ்டர் இரண்டு வண்டிகளின் படத்தையும் எடுத்தார். இரண்டாவது வண்டியின் மேல் நேராகச் செல் வைத்து, வாசலில் நின்றவளைக் காட்டினார். முதல் வண்டியைக் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தார். பிறகு அதை மேஜையில் வைத்து, எட்டு மூலைச் சிவப்புச் சீட்டை எடுத்து அதன் மேல் வைத்தார். நில். விரலால் தன் மார்பைத் தொட்டார்.

"இல்ல சார்" என்றாள் ஆபீஸக்கா. "அவருக்குக் கேள்வி சரியாப் புரியல. வண்டியை அவர் விடவே மாட்டார்."

மகன் தலை நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தான். அவன் மனுவில் எழுதிக்கொடுத்த வாக்கியத்தில் பாதி அது.

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். கேள்வியைத் திருப்பிப் போட்டு, முதல் வண்டியில் நீங்கள் தொடர்ந்து சொல்லிக்கொடுக்க விருப்பமா என்று மாஸ்டரையே கேட்டார். நில். கார் மட்டும் வேண்டாமா, கற்றுக்கொடுப்பதே வேண்டாமா என்று பிரித்துக் கேட்டார். மாஸ்டர் எழுந்து சுவரில் இருந்த பெரிய அட்டையைத் தட்டி, நேராகச் செல் காட்டினார். பாடம் நடத்துவேன். மறுபடி வந்து உட்கார்ந்து கார்மேல் நில்.

"அன்னிக்கு நடந்ததை மனசுல வச்சுக்கிட்டுதான் இப்படி..." என்று அவள் மறுபடி ஆரம்பித்தாள்.

மாஸ்டர் வளையத்தைப் புரட்டினார். இதுவரை எடுக்காத ஒரு சீட்டு, கடைசிப் பக்கம். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு கார்கள், ஒன்று கறுப்பு, ஒன்று சிவப்பு, சுற்றிச் சிவப்பு வட்டம். முந்தத் தடை. அதை அதிகாரியின் முன்னால் வைக்கவில்லை. நாற்காலியில் திரும்பி, அவள் கையைப் பிடித்து, உள்ளங்கையை விரித்து, அதில் வைத்தார். வைத்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

நாற்பது காலை. கண்ணாடியை மூடிக்கொண்டு கால் மணி நேரம் உள்ளே உட்கார்ந்திருந்த மனிதரைப் பார்த்து, ஏன் என்று அவள் ஒருநாளும் கேட்கவில்லை. தட்டினாள், போகச் சொன்னாள். தெருவின் மேல் இருந்த ஆத்திரத்தை எல்லாம் அவர் கையில் சாவியாகக் கொடுத்து அனுப்பினாள். இடது என்ற சொல் கிடைக்காமல் ஒரு பெண்ணை ரோட்டில் விழவைத்தவர், இன்னொரு பெண் விழுவாளோ என்று பயந்துகொண்டே தினமும் தெருவில் இறங்கியிருக்கிறார். டாக்டரிடம், அவர் நன்றாகத் தூங்குகிறார் என்று இவள்தான் சொன்னாள். தூங்கினாரா? அவளுக்குத் தெரியாது. வெட்கத்தில் அவளுக்குக் காது சுட்டது. கூடவே, இதை முன்பே காட்டியிருக்கக் கூடாதா என்று அவர்மேல் ஒரு கோபமும் வந்தது. கேள்வியே கேட்காத இடத்தில் எந்தச் சீட்டை எடுப்பார் என்று நினைத்ததும் அந்தக் கோபத்துக்கும் போக்கிடம் இல்லாமல் போயிற்று.

அவள் நாற்காலி முதுகிலிருந்து கையை எடுத்தாள். சுற்றி வந்து மகன் பக்கத்தில், பெஞ்சில் உட்கார்ந்தாள்.

மீதிக் கேள்விகளுக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று. டீ ஆறி ஆடை கட்டியது. ஒவ்வொரு பதிலையும் அதிகாரி சீட்டைக் காட்டி மாஸ்டரிடம் உறுதி செய்துகொண்டு எழுதினார். கடைசியில் எழுதியதை வாசித்தார்: இவர் தனக்கே உரிய முறையில் தெளிவாகப் பதில் தெரிவிக்கிறார், தன் முடிவைத் தானே எடுக்கிறார், காப்பாளர் தேவையில்லை என்பது என் கருத்து. மாஸ்டரின் கையெழுத்து இன்னும் போகவில்லை. நிதானமாகப் போட்டு, அடியில் வழக்கமான இரண்டு புள்ளியும் வைத்தார்.

"கீழ சாட்சி வேணும்" என்று அதிகாரி படிவத்தை ஆபீஸக்காவிடம் நகர்த்தினார். அவர் சொன்னதை நேரில் அறிந்தேன் என்று ஒரு வரி, அதன் பக்கத்தில் இடம்.

அவள் பேனாவை எடுத்தாள். ஆஸ்பத்திரியில், பாங்கில், லைசென்ஸ் அலுவலகத்தில் இந்த இரண்டு வருடமும் அவர் பொருட்டு எத்தனையோ கையெழுத்து யோசிக்காமல் போட்டிருக்கிறாள். பேனாவைக் காகிதத்தில் வைக்கப் போனவள் நிறுத்தினாள்.

"ஏங்க, நான் போடலாமா?"

மகன் ஏதோ சொல்ல வந்தான். அவள் வேண்டாம் என்று தலையசைத்தாள். மாஸ்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்து மாட்டிக்கொண்டு, வளையத்தை எடுத்து முதல் சீட்டிலிருந்து ஒவ்வொன்றாகப் புரட்டத் தொடங்கினார். அவள் பேனாவைப் பிடித்தபடி காத்திருந்தாள். அவர் ஒன்றும் அவசரப்படவில்லை.